பதினோராவது ஆள்

உந்தத் தோள் பாக்கை மேல தூக்காதேங்கோ தங்கச்சி, அந்தத் தட்டில இடமில்லை. நான் ஏறேக்கையே பாத்தனான். இப்பிடி ரெண்டு பேருக்கும் நடுவில வையுங்கோ, எனக்குக் கரைச்சல் இல்லை. அம்மாவோடயோ கதைச்சனீங்கள்? "சாப்பிட்டன், சாப்பிட்டன்" எண்டு ஏழு தரம் சொன்னியள். நான் ஒட்டுக்கேக்கேல்லை. இந்தச் சுரங்க ஊரில ஒரு தமிழ்ச் சொல் விழுந்தால் காது தானாத் திரும்புது, அவ்வளவுதான். நேர்சோ? பத்து நாள் இஞ்ச ஆஸ்பத்திரியில, நாலு நாள் டொரோண்டோவில வீட்டிலயோ. சரி. அப்ப இந்த பஸ் உங்களுக்கும் பழகியிருக்கும். அஞ்சரை மணித்தியாலம், அதுவும் ஸ்நோ கொட்டாட்டில்.

நானோ? நான் ஹொக்கிக்கு வந்தனான். சிரிக்கிறியள். எல்லாரும் சிரிக்கிறவை. அறுபத்தொரு வயசு, இந்த வண்டி வயிறு, இந்த மூக்குக்கண்ணாடி. விளையாடுறதில்லை தங்கச்சி. விளையாடுற பெடியளைப் பாத்து, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் எண்டு எழுதிக் குடுக்கிறது. ஸ்கவுட் எண்டு சொல்லுவினம். ஒரு பெரிய ஐஸ் ஹொக்கி கிளப்புக்குப் பன்னிரண்டு வருசமாச் செய்யிறன். கிளப்பின்ர பேர் சொல்லேலாது. உள்விசயம் வெளியில கதைக்கமாட்டன் எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்தனான். மற்றதைச் சொல்லலாம்.

பேர் தனபாலசிங்கம். அவங்களுக்கு அது வாயில வராது, டான் எண்டு கூப்பிடுவாங்கள். முதல் நாளே டான் ஆக்கிப்போட்டாங்கள், நானும் விட்டிட்டன்.

இந்த வேலைக்குள்ள நான் வந்தது பின்கதவால. ஸ்காபரோவில ஒரு அரீனாவில பதினாலு வருசம் ஐஸ் மிஷின் ஓட்டினனான். ஆட்டம் முடிய ஒரு பெரிய வண்டி வந்து ஐஸை வழிச்சுத் தண்ணி விட்டு மினுக்கிக்கொண்டு போகும், கண்டிருப்பியள். அதின்ர சீற்றில நான். மேல இருந்து குனிஞ்சு பாத்தால் ஆர் எப்பிடி விளையாடினவன் எண்டது ஐஸில அப்பிடியே கிடக்கும். சப்பாத்துக் கத்தி கீறின கோடு. ஒருத்தன் ரெண்டு காலாலயும் நிப்பான், ஒருத்தனுக்கு வலக்கால் மட்டும்தான். ஒருத்தன் மூலைக்குப் போற மாதிரிப் போய், அடி விழும் எண்ட பயத்தில மூண்டடி முந்தியே திரும்பியிருப்பான். சனம் கத்தேக்க அது தெரியாது. ஐஸில தெரியும்.

வோல்டர் எண்டு ஒரு வெள்ளைக்காரன், இந்தக் கிளப்பின்ர தலைமை ஸ்கவுட், ஒருநாள் கோப்பியோட கரையில நிண்டு ஆரிட்டயோ ஒரு பெடியனைப் புகழ்ந்துகொண்டிருந்தான். நான் வண்டியை நிப்பாட்டினன். "அவன் இடப்பக்கம் திரும்பமாட்டான், வேணுமெண்டால் இறங்கி வந்து பார்" எண்டன். வந்து பாத்தான். கோப்பியைக் குடிச்சுக்கொண்டு போயிட்டான். அடுத்த மாசம் பகுதிநேர வேலை தந்தான். அப்பிடித்தான் தொடங்கினது.

நல்ல வேலை எண்டு நினைப்பியள். ஒரு சீசனுக்கு நூற்றி முப்பது, நூற்றி நாப்பது ஆட்டம். எல்லா ஊரிலயும் ஒரே குளிர், ஒரே இரும்பு வாங்கு, ஒரே நாறல் கோப்பி. பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பெடியளைப் பாத்துப் பாத்து, உலகத்தில வேற வயசில ஆக்கள் இருக்கினம் எண்டதே எனக்கு மறந்துபோச்சு. கோயிலில ஒரு பெடியன் தேவாரம் பாடினாலும், இவனுக்கு இடுப்பில பலம் காணாது எண்டு மனசுக்குள்ள எழுதுறன். மனிசி ஏசுவா.

சரி, சொல்ல வந்தது போன ஜூலை. ஒவ்வொரு வருசமும் ஜூலையில கிளப் தன்ர இளம் பெடியள் எல்லாரையும் ஒரு இடத்துக்குக் கூப்பிட்டு ஒரு கிழமை வைச்சுப் பாக்கும். முப்பது பேரளவில வருவினம். கடைசி நாள் நாங்கள் ஆறு ஸ்கவுட்டும் ஒரு அறைக்குள்ள இருந்து பத்துப் பேரை எடுக்கவேணும். பத்துக்குள்ள வந்தால் ஒப்பந்தம், செப்டம்பரில பெரிய ஆக்களோட பயிற்சி, பேப்பரில பேர். பதினோராவது ஆளுக்குக் கை குலுக்கி, கிளப் தொப்பி ஒண்டு குடுத்து, போட்டு வா எண்டுறது. பத்துக்கும் பதினொண்டுக்கும் இடையில அவ்வளவு தூரம். அது நல்லதோ கெட்டதோ, அதுதான் முறை.

இன்னொரு முறையும் இருக்கு, அது எழுத்தில இல்லை. பத்து இடத்தில நாலுக்குத்தான் காலமை சண்டை பிடிக்கிறது. மிச்சம் ஆறு இடம், ஆளுக்கு ஒண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருத்தரும் ஒரு பெடியன்ர பேர் சொல்லுவினம், அதில ஆரும் கேள்வி கேக்கப்படாது. பொக்கற் பெடியன் எண்டு சொல்லுவாங்கள். உன்ர பொக்கற்றுக்குள்ள இருந்து எடுத்து மேசையில வைக்கிறாய், அவ்வளவுதான். வோல்டர் கொண்டுவந்த பழக்கம். ஆறு பேரும் ஒரே மாதிரி யோசிச்சால் ஒரே மாதிரிப் பெடியளைத்தான் எடுப்பம், ஆளுக்கொரு பைத்தியக்காரத்தனம் இருக்கட்டும் எண்டு சொல்லுவான்.

போன வருசம் வந்த முப்பத்திரண்டு பேரில ஒரு சுவீடன்காரன் இருந்தவன், ஆறடி நாலு. பயிற்சியில தேவலோகத்து ஆட்டம். ஸ்கோர் எழுதத் தொடங்கினால் ஆளைக் காணேலாது. கோல் காக்கிற கோலி ஒருத்தன் இருந்தவன், நல்ல பெடியன், எண்டாலும் ஒரு கோல் வாங்கினால் மற்றக் கோலையும் தானே கூப்பிட்டு வைச்சு வாங்குவான். இன்னொருத்தன் பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையை, மற்றவனுக்குக் குடுக்க முந்தி ஒவ்வொரு தரமும் தகப்பன் இருக்கிற பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாப்பான். அரைச் செக்கன்தான். அந்த அரைச் செக்கனிலதான் இந்த விளையாட்டு முழுக்க இருக்கு. டிலன் எண்டு ஒரு பண்ணைக்காரப் பெடியன், மாடு மாதிரிப் பலம், சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்யத் தெரியாது. நான் அவனைப் பன்னிரண்டாவதோ பதின்மூண்டாவதோ இடத்திலதான் போட்டிருந்தனான்.

பிறகு ஆரணன்.

ஓம், எங்கட பெடியன். யோகராசா எண்டு, பாண் பேக்கரியில வேலை செய்யிற மனிசன்ர மகன். பிறந்தது வளந்தது ஸ்காபரோ. அஞ்சு வயசில நான் மினுக்கின ஐஸிலதான் விழுந்து எழும்பினவன். மைதானத்தில பேர் கூப்பிடுறவங்கள் ஏரன், ஏரனான் எண்டு கொல்லுவாங்கள். எந்தக் கிளப்பும் எடுக்காமல் விட்ட பெடியனை வோல்டர் தானாப் பாத்துக் கூப்பிட்டவன். நான் கூப்பிடச் சொல்லேல்லை. அதை வடிவாக் குறிச்சுக்கொள்ளுங்கோ, நான் சொல்லவே இல்லை.

எப்பிடி விளையாடுவான் எண்டு கேக்கிறியளோ? ஆள் சின்னன். ஆனால் பக் எங்க வரும் எண்டு அவனுக்கு முதலே தெரியும். மற்றவங்கள் பக்குக்குப் பின்னால ஓடுவாங்கள், இவன் போய் நிப்பான், பக் வரும். மூண்டாம் நாள் பயிற்சி முடிய, ஐஸ் மிஷின்காரனிட்டப் பத்து நிமிசம் பொறு எண்டு கெஞ்சிப்போட்டு நான் இறங்கிப் பாத்தனான். மூலைக்குள்ள, சுவரோட ஒட்டின இடத்தில, அவன்ர கோடு இருந்தது. ஆறடிக்காரர் ஒருத்தற்ற கோடும் அங்க இல்லை. எனக்கு நெஞ்சு பொங்கி வந்தது. பன்னிரண்டு வருசத்தில அப்பிடி நாலோ அஞ்சோ தரம்தான் வந்திருக்கு. உங்களுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்தேலாது.

இதுக்குள்ள ஸ்காபரோவில இருந்து போன். ஆர் எடுக்கேல்லை எண்டு கேளுங்கோ. கோயில் காரியதரிசி எடுத்தார். என்ர வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்ட பெடியன் எடுத்தான். "அண்ணை, எங்கட ஆள் ஒருத்தன் அங்க, எங்கட ஆள் ஒருத்தர் மேசையில. இனி என்ன வேணும்?" எண்டு கேக்கினம். முப்பத்தஞ்சு வருசத்தில ஒருக்கா வந்த சந்தர்ப்பமாம். யோகராசா மட்டும் எடுக்கேல்லை. அந்த மனிசன் எடுத்திருந்தால் ஏசியிருப்பன், மனசும் ஆறியிருக்கும்.

நான் ஒண்டு சொல்லவேணும். அந்த அறைக்குள்ள நான் போன முதல் வருசம், சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க ஒருத்தன் கேட்டான், "டான், உன்ர மச்சான்மாரை எப்ப கூட்டிக்கொண்டு வரப்போறாய்?" எண்டு. எல்லாரும் சிரிச்சவங்கள். நானும் சிரிச்சனான். பகிடிதானே. கேட்டவன் அடுத்த வருசமே வேலையை விட்டுப் போயிட்டான், இப்ப உயிரோட இருக்கிறானோ தெரியாது. நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை. சொன்ன நாள் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் கோழி சான்விச்.

கடைசி நாள் காலமை ஒன்பது மணிக்கு இருந்தனாங்கள். நாலு இடத்துக்குச் சண்டை. மூண்டரை மணித்தியாலம். முப்பத்திரண்டு பெடியளில இருபது பேரின்ர பேராவது மேசையில விழுந்திருக்கும். ஆரணன்ர பேர் விழேல்லை. ஒருத்தரும் எடுக்கேல்லை தங்கச்சி. வோல்டர் எடுக்கேல்லை, கூப்பிட்டவனே அவன்தான். நான் ஒவ்வொருத்தற்ற முகமாப் பாத்துக்கொண்டிருந்தன். சரி, இவங்களுக்கு அவன் வேண்டாம் எண்டு விளங்கியிட்டுது. ஒருத்தருக்கும் வேண்டாத பெடியனை நான் ஒருத்தன் பொக்கற்றால எடுத்து வைச்சால் என்ன நினைப்பாங்கள்? நான் கேக்கிறன், நீங்கள் எண்டால் என்ன நினைப்பியள்?

நீதி எண்டு ஒண்டு இருக்கு. தரம் பாக்கிறவனுக்குச் சொந்தம் பந்தம் இருக்கப்படாது. இதை நான் பதினேழு பேருக்குச் சொல்லியிருப்பன்.

சாப்பிட்டுப்போட்டு வந்து இருந்தம். ஒவ்வொருத்தரும் பேர் சொல்லச் சொல்ல வோல்டர் வெள்ளைப் போர்டில எழுதுறான். மேசையின்ர கடைசிக் கதிரை என்னுடையது, அதால எப்பவும் நான்தான் கடைசி. அஞ்சு பேர் சொல்லியாச்சு. எல்லாரும் என்னைப் பாக்கிறாங்கள். ஒருத்தன் ஏற்கெனவே கோட்டைக் கையில எடுத்திட்டான். வோல்டர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு, நான் வாய் திறக்க முந்தியே, போர்டில "ஏ" எண்டு, ஆரணன்ர இங்கிலிஷ் முதலெழுத்தைப் போட்டிட்டான்.

எனக்கு அது பகிடி பண்ணின மாதிரி இருந்தது. நீ ஆரைச் சொல்லுவாய் எண்டு எங்களுக்குத் தெரியாதோ எண்டு கேக்கிற மாதிரி. உச்சந்தலை சுட்டது. நான் "டிலன்" எண்டன்.

வோல்டர் திரும்பேல்லை. உள்ளங்கையால அந்த எழுத்தைத் தேய்ச்சு அழிச்சுப்போட்டு, டிலன் எண்டு எழுதினான். ஆரும் கேள்வி கேக்கேல்லை. கேக்கப்படாதே.

லிஃப்டுக்குப் பக்கத்தில என்னைப் பிடிச்சான். கிழவன்ர கையெல்லாம் நீல மை. "டான், என்ன செய்தனீ?" எண்டான். "என்ர தீர்ப்பைச் சொன்னனான்" எண்டன். அவன் சொல்லுறான், "அவனை நாங்கள் எல்லாரும் முதல் எட்டுக்குள்ள வைச்சிருந்தனாங்கள். அவன் உன்ர ஆள், எப்பிடியும் நீ எடுப்பாய் எண்டுதான் காலமை நாங்கள் தொடேல்லை. உனக்கெண்டு விட்டு வைச்சனாங்கள்" எண்டு. அவங்களுக்கு அது ஒரு மரியாதையாம். மற்றவன்ர ஆள் எண்டு தெரிஞ்ச பெடியனில கை வைக்கிறது முறையில்லையாம். அஞ்சு பேரும் தங்களுக்குள்ள பேசிக்கூட வைக்கேல்லை, தானா அப்பிடி நடந்திருக்கு.

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" எண்டன். "நீயும் எங்களுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்" எண்டான்.

பிறகு அவன் சொன்னதுதான் எனக்கு இப்பவும் பாரமா இருக்கு. "கதவு இன்னும் பூட்டேல்லை. நான் உள்ளுக்குப் போய், டான் பேரை மாறிச் சொல்லிப்போட்டான் எண்டு சொல்லட்டோ? ரெண்டு நிமிச வேலை" எண்டான். நான் வேண்டாம் எண்டன். தீர்ப்பு எண்டால் தீர்ப்புத்தான், காலமை ஒண்டு பின்னேரம் ஒண்டு சொல்லுற ஆள் நான் இல்லை எண்டன். லிஃப்ட் வந்தது, ஏறியிட்டன். அதில எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. மனிசனுக்கு ஒரு நிலைப்பாடு வேணும்தானே.

டிலனோ? செப்டம்பர் பயிற்சிக்கு வந்து ஒன்பதாம் நாள், வீட்டு யோசனை எண்டு சொல்லிப்போட்டுப் பண்ணைக்குப் போயிட்டான். அது வேற கதை.

ஜூலையில அந்தக் கடைசி நாள் பின்னேரம்தான் யோகராசா போன் எடுத்தார். பெடியன் தொப்பியோட வந்து நிக்கிறான், விசயம் தெரிஞ்சுபோச்சு. அந்த மனிசன் சொல்லுறார், "அண்ணை, நீங்கள் உள்ளுக்கு எவ்வளவு பாடுபட்டிருப்பியள் எண்டு எங்களுக்குத் தெரியும். அஞ்சு வெள்ளைக்காரருக்கு நடுவில நீங்கள் ஒராள் என்ன செய்யிறது. மனசை விடாதேங்கோ." எனக்கு ஆறுதல் சொல்லுறார், தங்கச்சி. தகப்பன் எனக்கு.

நான் பொய் சொல்லுற ஆள் இல்லை. நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை. "என்ன செய்யிறது யோகராசா" எண்டு மட்டும்தான் சொன்னனான்.

அதை வைச்சு சனம் கட்டின கதையைக் கேட்டால் நீங்களே சிரிப்பியள். நான் மேசையில அடிச்சுக் கதைச்சனானாம். கதிரையைத் தள்ளிப்போட்டு எழும்பினனானாம். இவனை எடுக்காட்டில் நான் வேலையை விடுறன் எண்டு சொன்னனானாம். ஒக்டோபரில ஸ்காபரோவில எங்கட விளையாட்டுக் கழகத்தின்ர ஒன்றுகூடல். மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திச்சினம். "அநீதிக்கு எதிராத் தனியொருவராக் குரல் குடுத்தவர்" எண்டு ஒருத்தர் மைக்கில வாசிக்கிறார். போர்த்தினது ஆர் எண்டு நினைக்கிறியள்? யோகராசா. முன்வரிசையில ஆரணன் இருந்து கை தட்டுறான். மறுத்திருக்கலாம். மேடையில வைச்சு மறுக்கிறது மரியாதை இல்லையே, போர்த்துற மனிசனுக்கு எப்பிடி இருக்கும்?

வீட்டில வந்து மனிசியிட்ட மட்டும் உள்ளதைச் சொன்னனான். அவ அந்தப் பொன்னாடையை மடிச்சு அலுமாரியில வைச்சுக்கொண்டு, "அப்ப அந்தப் பிள்ளையிட்ட இதைச் சொல்லுங்கோவன்" எண்டா. அவவுக்கு ஹொக்கி விளங்காது. அதுக்குப் பிறகு என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறதும் குறைவு. இடுப்பு வருத்தமாயிருக்கும் எண்டு நினைக்கிறன்.

ஆரணன் இந்த வருசம் இஞ்ச, இந்தச் சுரங்க ஊரின்ர சின்ன அணியில விளையாடுறான். முந்நூறு பேர் வந்தாலே பெரிய காரியம். இவ்வளவு தூரம் வந்து ஆட்டம் பாக்கச் சொல்லி என்னை ஒருத்தரும் அனுப்பேல்லை. என்ர சொந்த லீவில வாறன், இது நாலாவது தரம். தூணுக்குப் பின்னால ஒரு சீற் இருக்கு, அதில இருப்பன். ஏன் வாறன் எண்டு கேட்டால், சும்மா, பழக்கம். தரம் பாக்கிறவன் பாத்துக்கொண்டுதானே இருக்கவேணும்.

தங்கச்சி, அவன் இப்ப விளையாடுற விளையாட்டு. டிசம்பருக்குப் பிறகு அவன் வேற ஆள். நேற்று மத்தியான ஆட்டத்தில ரெண்டு கோல், அதை விடுங்கோ, கோல் ஆரும் அடிப்பான். மூண்டாவது பகுதியில அவன்ர அணி களைச்சு விழுந்திட்டுது. அவன் ஒருத்தன் ஒவ்வொருத்தனையும் அவனவன்ர இடத்துக்குக் கொண்டுபோய் விட்டான், வாயால ஒரு சொல் சொல்லாமல். அதுக்குப் பேர் இல்லை, எங்கட படிவத்தில அதுக்குக் கட்டமும் இல்லை. இன்னும் ஒரு வருசம் பொறுத்தான் எண்டால் ஒரு கிளப் இல்லாட்டில் இன்னொரு கிளப் கட்டாயம் தூக்கும். நான் எழுதித் தருவன். என்ர கண் பிழைச்சதில்லை.

நேற்று அவன் என்னைக் கண்டிட்டான். தூணுக்குப் பின்னால இருந்தும் கண்டிட்டான், அவன்ர கண் அப்பிடி. இண்டைக்குக் காலமை பஸ்ஸுக்கு முதல் சாப்பிடுவம் வாங்கோ அங்கிள் எண்டு கூட்டிக்கொண்டு போனவன். பஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு முட்டைப் பொரியல் கடை. அவன்தான் என்ர பாக்கையும் தூக்கிக்கொண்டு வந்தவன். எனக்குப் பாணில பட்டர் பூசித் தந்தவன். தாய் தகப்பன் வடிவா வளத்திருக்கினம்.

சாப்பிட்டு முடிய, "அங்கிள், நான் உங்களுக்குத்தான் ஃபர்ஸ்ட் சொல்லுறன், அப்பாக்கும் இன்னும் சொல்லேல்லை" எண்டான். "நான் ஸ்டொப் பண்ணப் போறன். நேற்று விளையாடினது லாஸ்ட் கேம். மண்டே எலெக்ட்ரிஷன் கோர்ஸ் தொடங்குது, காசு கட்டியிட்டன்."

"ஏன் தம்பி? நல்லாத்தானே விளையாடுறாய்?" எண்டு கேட்டன்.

அவன் சிரிச்சான். அழுற முகமும் இல்லை, கோவமும் இல்லை. நல்லா யோசிச்சு முடிவெடுத்த பெடியன்ர முகம். சொன்னான், "அங்கிள், அந்த ரூமில வேற ஆராவது எனக்காகக் கதைச்சு, அது சரிவரேல்லை எண்டால், ஓகே, அவைக்குத் தெரியாது எண்டு நினைச்சிருப்பன். ஆனா நீங்கள் கதைச்சனீங்கள். நான் குட்டியா இருக்கேக்க இருந்து என்ர ஸ்கேட்டிங்கப் பாத்தது நீங்கள்தான். உங்களைவிட என்னைத் தெரிஞ்ச ஆள் இல்லை. நீங்கள் மேசையில அடிச்சுச் சொல்லியும் அஞ்சு பேரில ஒராளும் நம்பேல்லை எண்டால், ஸோ, என்னட்ட அது இல்லை. உங்களால ஏலாட்டில் வேற ஆராலயும் ஏலாது. எனக்கு அது விளங்கியிட்டுது அங்கிள். நான் சாட் இல்லை, கவலைப்படேல்லை."

அஞ்சு பேர். அஞ்சு பேரும் அவனை முதல் எட்டுக்குள்ள வைச்சிருந்தவங்கள்.

வாய் திறந்தனான் தங்கச்சி. உள்ளபடி வாய் திறந்தனான். என்ன வெளியில வந்தது தெரியுமோ? "படிப்பும் தேவைதானே தம்பி. எலெக்ட்ரிஷனுக்கு இப்ப நல்ல வேலைவாய்ப்பு" எண்டு சொன்னனான்.

அவன் எழும்பி என்னைக் கட்டிப்பிடிச்சான். "தாங்க்ஸ் ஃபோர் ஃபைட்டிங் ஃபோர் மீ, அங்கிள்" எண்டான். நான் முதுகில தட்டினன். பாரமில்லாத பெடியன், ஆனால் முதுகு பலகை மாதிரி. அதையும் மனசுக்குள்ள குறிச்சனான், பாருங்கோ என்ர புத்தியை. பிறகு பஸ் வந்திட்டுது.

என்ன? இப்ப எடுத்துச் சொல்லலாமோ? இப்பவோ? இந்தக் காட்டுப் பாதையில சிக்னல் கிடைக்காது. உங்கட போனில நாலு கோடு காட்டுது, சரி, உங்களது வேற கொம்பனியா இருக்கும். என்னுடையதிலயும் காட்டுது எண்டு சொல்லுறியள். ஓம், காட்டுது.

அது அப்பிடி லேசு இல்லை. பெடியன் கோர்ஸுக்குக் காசு கட்டியிட்டான். யோகராசா என்ன நினைப்பார்? கோயிலில, கழகத்தில, இவ்வளவு சனத்துக்கும் நான் என்னெண்டு முகம் குடுக்கிறது? அதோட, நான் செய்தது பிழை எண்டும் இல்லையே. நீதியாத்தானே நடந்தனான். ஒருத்தன் என்னைக் கேக்கேலுமோ, டான் தன்ர ஆளைத் தூக்கிவிட்டவன் எண்டு? கேக்கேலாது. பன்னிரண்டு வருசத்தில ஒருத்தனாலயும் கேக்கேலாது.

அழுத்திப்போட்டியளோ? என்ர போனைத் தந்ததே பிழை. இல்லை, இல்லை, வையுங்கோ, அழைப்பு போகேல்லை, அவன்ர நம்பரை மட்டும் எடுத்துத் தந்தியள், நல்லது. நான் கோவிக்கேல்லை. நீங்களும் மனிசிய மாதிரித்தான் கதைக்கிறியள்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம். அது எனக்குத் தெரியும். "தம்பி, நான் அங்க உன்ர பேரே சொல்லேல்லை." அவ்வளவுதான். அதைச் சொன்னால் அவன் அந்த கோர்ஸுக்குப் போகமாட்டான். அதுவும் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருசமா ஊர் பேர் தெரியாத பெடியளைப் பற்றிப் பக்கம் பக்கமா எழுதினன், மணித்தியாலக் கணக்கில கதைச்சன். இந்த ஒரு வசனம் வருகுதில்லை.

அவன் என்னைத் தோத்துப்போன ஆள் எண்டு நினைக்கிறான். தோத்தவனாயிருக்கிறது பரவாயில்லை, தங்கச்சி. தோத்தவனுக்குப் பொன்னாடை போர்த்துவினம்.

இண்டைக்கு வெள்ளி. திங்கட்கிழமைக்கு முந்தி இன்னும் ரெண்டு நாள் இருக்கு. இந்தாங்கோ, உங்கட பாக் சரியுது, பிடியுங்கோ. நான் கொஞ்சம் கண்ணை மூடுறன். அவனாப் போன் எடுத்தால் மட்டும் எழுப்புங்கோ. அவன் எடுக்கமாட்டான்.